மோட்டார்ப் பட்டறையும் மோட்டார்ச் சட்டமும்

சென்ற பருவத்தில் எம் விடுதியின் உணவுச்சாலையில் ஒரு வழக்கு எழுந்தது. நண்பரொருவருடைய தமையனார் பழைய மாருதி 800 வண்டியொன்றைச் சிறு விலைக்கு வாங்கி, அதனை நான்கு சக்கரங்களாலும் இழுக்கப்பெறும் டர்போ வண்டியாக மாற்றும்பொருட்டு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார் என்பது செய்தி. பொருளாதாரம் பயில்வார் ஒருவர் இதனைக் கேட்டு நகைத்தார். வாங்கிய விலையைப்போல் ஐந்து மடங்கு செலவிட்டு, விற்கப்புகின் ஒரு மடங்குக்கும் கொள்வாரில்லாத பொருளைச் செய்வது எவ்வகை அறிவு என்பது அவர் வினா. சட்டம் பயிலும் கருத்துடைய மற்றொருவர், அவ்வண்டி பொதுச்சாலையில் உருளும் அன்றே அது குற்றமாகும் என்று தீர்ப்பளித்தார். இயற்பியல் மாணவர் இருவர் மட்டும் எந்த டர்போ, எந்தக் கியர்ப்பெட்டி என்று ஆவலோடு வினவினர். தமிழ் பயிலும் எமக்கு அவ்வழக்கில் பேச இடமில்லையென்றே யாவரும் கருதினர். யாமும் அங்ஙனமே கருதியிருந்தோம். பின்னர் ஒரு சனிக்கிழமை அந்நண்பரோடு போய்ப் பார்த்தோம். அன்றுமுதல் அவ்விருவர் கூற்றும் பாதி மெய்யென்றும், அவர்கள் காணாத மற்றைப் பாதியே பெரிதென்றும் எமக்குத் தோன்றுகிறது. அதனை இங்கே எழுதத் துணிந்தோம்.

கிண்டி நிலையத்தில் மின்சார ரயிலைவிட்டு இறங்கித் தொழிற்பேட்டையின் வழியே நடந்தால் ஈக்காட்டுத்தாங்கல் வந்துவிடும். தாங்கல் என்பது பாசனநீரைத் தாங்கி நிற்கும் ஏரிக்குப் பெயர். ஊர்ப்பெயரில் உள்ள நீர் இன்று கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது அந்நீர் தன் பழைய இடத்தைக் கேட்டுக்கொண்டு வந்ததை இப்பகுதியார் மறந்திலர். யாம் சென்ற பட்டறையின் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கறைக்கோடு இன்னும் இருக்கிறது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை தோன்றிய நாள்தொட்டு இதன் சுற்றுப்புறத்தில் கடைசல், வார்ப்பு, துளைப்பு, முலாம் முதலிய சிறு தொழில்கள் பெருகின. இன்று அவற்றினிடையே கண்ணாடி மாளிகைகள் எழுந்துவிட்டன. கணிப்பொறியின்முன் அமர்ந்து பணிசெய்வோர் மெட்ரோ ரயிலில் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றனர். அவர்கள் நடந்து செல்லும் வீதிக்குப் பின்சந்தில் லேத்துக்கள் இன்னும் சுழல்கின்றன.

பட்டறைக்குத் தலைவரை யாவரும் மேஸ்திரி என்றே அழைக்கின்றனர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் மகன் மேற்கூறிய கண்ணாடி மாளிகைகளுள் ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறார். பட்டறையில் தொழில் பழகும் பையன் ஒருவனே. எஞ்சின் கழற்றப்பெற்று வாய் திறந்தபடி நின்ற அவ்வண்டியைக் கண்டதும், இதைப்போய் யார் மாற்றி என்ன காண்பது என்ற எண்ணமே எமக்கும் முதலில் எழுந்தது.

மாருதி 800 நம் தேயத்தார் பலருக்கு முதற்கார். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் முதல் வண்டியின் திறவுகோலை இந்திரா காந்தியார் அதனை வாங்கியவரிடம் அளித்தார். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வண்டி செய்வது நின்றுபோயிற்று. மூன்று சிலிண்டர், 796 கன செண்டிமீட்டர், நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறன். இத்துணைச் சாதுவான பிராணி வேறில்லை. ஆனால் 1986 முதல் நம் நாட்டில் வந்த அதன் உருவம் ஜப்பானியரின் சுசுகி ஆல்ட்டோவின் இரண்டாந்தலைமுறை உருவமே. அவ்வுருவத்திலேயே 1987-இல் சுசுகியார் ஆல்ட்டோ ஒர்க்ஸ் என்றொரு வண்டியைத் தம் நாட்டில் வெளியிட்டனர். அதன் எஞ்சின் 543 கன செண்டிமீட்டரே. டர்போவின் துணையால் 64 குதிரைத்திறன் தந்தது. நான்கு சக்கர இழுப்புள்ள வகையும் அதில் இருந்தது. ஆகவே எம் நண்பரின் தமையனார் செய்யப்புகுந்தது ஆட்டுக்குத் துதிக்கை ஒட்டும் வேலையன்று. பங்காளி வீட்டிலுள்ள சொத்தைத் தம் வீட்டிலும் தேடும் வேலை.

டர்போ என்பது யாது? எஞ்சின் வெளியே தள்ளும் புகை வீணே போகாமல் ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அச்சுழலியின் தண்டிலேயே மறுமுனையில் உள்ள மற்றொரு சுழலி புறக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியலாம், வலிமையும் மிகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் பூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் அதனைப் பெறுவது கடினமன்று. கழித்துக்கட்டிய சிறு டீசல் கார்களின் டர்போக்கள் புதுப்பேட்டைக் கடைகளில் கிடைக்கும். பெற்றபின் வருவதே தொல்லை. “காற்றை ஏற்றிவிடலாம், தம்பி, சூட்டை எங்கே இறக்குவது?” என்றார் மேஸ்திரி. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய கலவை உரிய கணத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். பட்டறையார் அதனை நாக்கிங் என்பர். அதனைத் தடுக்க, உட்செல்லும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் வேண்டும். எஞ்சின் தானே கலவையை நெருக்கும் அளவைக் குறைக்க வேண்டும். வார்ப்புப் பிஸ்டனை நீக்கி அடித்துச்செய்த வலிய பிஸ்டன் இட வேண்டும். டர்போவின் தண்டோ நிமிஷத்துக்கு இலட்சம் சுற்றுக்குமேல் சுற்றக்கூடியது. எண்ணெய் சிறிது நேரம் வாராதொழியினும் அது தன்னைத் தானே தின்றுவிடும். இவையனைத்தையும் சித்திரை மாதத்துச் சென்னை வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்று அவர் சொன்னபோது, குளிர்நாட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பினவன் கெட்டான் என்று எமக்குப் பட்டது.

நான்கு சக்கர இழுப்பு இதனினும் நுட்பமானது. மாருதி 800 முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது. அதன் விசையில் ஒரு பங்கைச் செங்கோணமாகத் திருப்பிப் பின்சக்கரங்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்காக மேஸ்திரி புதுப்பேட்டையிலிருந்து ஜிப்சி வண்டியின் பல்லிணைகள் இரண்டு வாங்கிவந்திருந்தார். ஒன்றை முன்னே கியர்ப்பெட்டியின் பக்கத்தில் புதிதாகச் செய்யும் சிறு பெட்டிக்குள்ளும், மற்றொன்றைப் பின்னச்சிலும் வைப்பது அவர் திட்டம். “முன்னே எத்தனை மடங்கு வேகம் ஏறுகிறதோ, பின்னே அத்தனை மடங்கு இறங்க வேண்டும். ஒரு பல் வித்தியாசம் வந்தாலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும்” என்று தம் இரு கைகளையும் இரு சக்கரங்களாக்கிக் காட்டினார். ஒத்த இரண்டு பல்லிணைகளை எதிரெதிராக வைத்தால் கணக்குத் தானே சரியாகிவிடும் என்ற அந்த யுக்தியை அவர் எந்நூலிலும் படித்தவரல்லர்.

அதனோடும் முடிந்தபாடில்லை. வண்டி வளைவில் திரும்புங்கால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சறுக்கி இவ்வேறுபாட்டைத் தானே தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையிலோ சறுக்க இடமின்றித் தண்டுகள் முறுக்கேறும். ஆதலால் இடையில் விட்டுக்கொடுக்கும் ஓர் உறுப்பு இன்றியமையாதது. ஆல்ட்டோ ஒர்க்ஸில் இவ்வேலையைச் செய்தது, தகடுகளினிடையே பிசுபிசுப்பான சிலிக்கோன் நெய் நிரம்பிய ஓர் இணைப்பு. அத்தகையதொன்றை மேஸ்திரி தேடிக்கொண்டிருந்தார். மேலும், இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை. மெல்லிய தகட்டுடலே சட்டகம். பின்செல்லும் தண்டுக்கு வழிவிடத் தரைத்தகட்டை அறுத்தால் உடலின் வலி குறையும். அறுத்த அளவுக்கு மேலாக வலிவூட்ட வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்பாக அவர் கைவைத்தது பிரேக்கில் என்பதை யாம் குறிப்பாகக் கண்டோம். முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும் என்பது அவர் கொள்கை.

யாம் சென்ற அன்று அந்தச் சிறு பெட்டி முன்னரே ஒருமுறை செய்து முடிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு மயிரிழை பிழைத்திருந்தது. எம் கண்ணுக்கு அதிலொரு குறையும் தோன்றவில்லை. அவரோ அதனைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்கியிருந்தார்.

அந்தக் குவியலின் அருகே நின்றபோது எமக்கு ஔவையார் நினைவு வந்தது. அதியமானின் ஆற்றலைப் பகைவர்க்கு அறிவிக்க வந்தவிடத்து, நாள்தோறும் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலை அவனுக்கு உவமையாக்கினார் அம்மூதாட்டியார். புறநானூற்றில் 87-ஆம் பாட்டாக நிற்கும் அதனை யாம் வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். உவமையென்று குறித்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் கை ஒரு சக்கரத்தில் ஒரு திங்கள் ஏன் தங்கிற்று என்று ஒருநாளும் கேட்டோமில்லை. தச்சுப்பட்டறையின் வாயிலில் நின்று பார்த்த ஒருவருக்கே அவ்வுவமை தோன்றியிருக்கும். சங்கப் புலவர் பட்டறையை அறிந்திருந்தனர். சங்கநூல் பயிலும் யாம் அறியோம். வேதத்திலும் இப்படியே படித்துக் கடந்திருக்கிறோம். யாத்திராகமத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனென்று சொல்லப்படும் பெசலெயேல் உலோக வேலையும் கல்வேலையும் மரவேலையும் அறிந்த கைத்தொழிலாளி. எம் சிற்றாலயத்தில் ஆசிரியர்க்காகவும் மருத்துவர்க்காகவும் ஜெபிக்கிறோம். லேத்துக்காரருக்காக ஜெபித்ததாக நினைவில்லை.

நிற்க. வீண்செலவு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒருநாள் திருமணப் பந்தலுக்கு இலட்சங்களைக் கொட்டுவதை வீண்செலவென்று கூறாத நம் சமூகம், ஓர் இளைஞர் தம் ஊதியத்தில் மிச்சம்பிடித்து ஓர் இயந்திரத்தைப் பிரித்துக் கற்பதை மட்டும் பைத்தியம் என்பது வியப்பே. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, முற்றும் பிரித்துப் பூட்டியே இயந்திர அறிவு பெற்றார் என்பர். அதே கோயம்புத்தூரில் தோன்றி 1995-இல் விமான விபத்தொன்றில் மறைந்த கரிவர்தன் அவர்கள், இந்தச் சாதுவான மாருதி 800-இன் எஞ்சினைக்கொண்டே ஒற்றையிருக்கைப் பந்தய வண்டிகளை அமைத்தார். பார்முலா மாருதி என்பது அவற்றுக்குப் பெயர். அவ்வகை வண்டியில், ஸ்ரீபெரும்புதூரில், தம் முதற்பந்தயத்தை ஓட்டிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் அவர்களிடம் அன்றைக்கு ஒரு பொருளாதார மாணவர் வரவு செலவு கேட்டிருப்பின் என்ன விடை கிடைத்திருக்குமோ அறியோம்.

இனி அபாயம். இதில் எம் சட்ட நண்பரோடு யாம் பெரிதும் உடன்படுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவிலே பந்தயம் விட்டு, தம் உயிரையும் பிறர் உயிரையும் போக்குவோரை எவ்வகையிலும் காக்கவேண்டுவதில்லை. வேகத்துக்கென்றே இடம் இருக்கிறது. உலகப்போர்க்காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்திய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதையே அமைத்தனர். ஆயினும் அபாயத்துக்கு மருந்து தடையே என்பதை ஒப்போம். இதற்கு மேல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1980-களில் உலக ராலிப் போட்டிகளில் ‘குரூப் பி’ என்ற பிரிவு ஏறத்தாழ எல்லையற்ற வலிமையை அனுமதித்தது. 1986-இல் போர்த்துக்கல்லில் வண்டியொன்று கூட்டத்திற் பாய்ந்து பார்வையாளரைக் கொன்றது. அவ்வாண்டே மே மாதத்தில் கார்சிக்காத் தீவில் ஹென்றி டோய்வோனன் என்ற ஓட்டுநரும் அவர் துணைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் தீக்கிரையாயினர். அப்பிரிவு ஒழிக்கப்பட்டது. ஆனால் போட்டி ஒழிக்கப்படவில்லை. ஓராண்டில் 5,000 வண்டிகளேனும் பொதுமக்களுக்காகச் செய்யப்பட்ட வகையே பந்தயத்துக்கு வரலாம் என்ற ‘குரூப் ஏ’ விதி முன்வந்தது. அவ்விதிக்குள் நின்றே லான்சியா டெல்ட்டா என்னும் சிறு கார், நான்கு சக்கர இழுப்பும் டர்போவும் கொண்டு, 1987 முதல் 1992 வரை ஆறாண்டு இடையறாது உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. நல்ல விதி தொழிலைக் கொல்வதில்லை, கெட்டிக்காரத்தனத்தைக் கூர்மையாக்குகிறது.

நம் நாட்டு விதி எத்தகையது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் செய்தவர் முதலில் குறித்த விவரங்களினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கொன்றில், அப்பிரிவை உறுதியாக நிலைநாட்டியது. அவ்வாண்டே வந்த திருத்தம், இசைவில்லா மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதித்தது. கண்ட கண்ட கடையில் முகப்பு விளக்கையும் புகைக்குழலையும் மாற்றிக்கொண்டு அயலார் உறக்கத்தைக் கெடுப்போரை எண்ணினால் இத்தண்டம் தகும் என்றே எமக்கும் தோன்றும். ஆயினும் அச்சட்டமே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பெட்ரோல் வண்டியை எரிவாயு வண்டியாக்கும் கருவித்தொகுதியும், மின்சார வண்டியாக்கும் தொகுதியும், சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்டனவாயின் பொருத்தலாம். ஆகவே மாற்றமே பாவம் என்பது சட்டத்தின் கருத்தன்று. சோதிக்கப்படாத மாற்றமே அதற்கு ஆகாது. பெருங்கம்பெனியார் தம் தொகுதியைச் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் பெறுவர். ஒரே ஒரு வண்டியைத் தம் கையாற் கட்டும் ஒருவர் எங்கே கொடுப்பார்? அவருக்குக் கதவு இல்லை. எம் வழக்கு முழுதும் இவ்வொன்றே.

ஜெர்மனியில் வண்டியை மாற்றியவர் அதனைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுசென்று, பொறியாளர் பார்த்து ஒப்பிய மாற்றத்தை வண்டியின் பத்திரத்தில் பதிந்துகொள்கிறார். பிரிட்டனில் தனியொருவர் கட்டிய வண்டியையும் தனித்து ஆராய்ந்து சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. அந்நாடுகளில் சாலைகள் நம்முடையவற்றினும் ஆபத்தானவை என்று யாரும் சொல்லார். நமக்கும் இடமில்லாமலில்லை, சென்னையை அடுத்த ஒரகடத்திலேயே மத்திய சர்க்கார் அமைத்த வாகன ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பிரேக்கு, உடலின் வலிமை, புகை, ஓசை ஆகியவற்றை அங்கே காசு பெற்றுக்கொண்டு ஆராயட்டும், தேறாததைத் திருப்பியனுப்பட்டும், தேறியதற்குச் சான்று தரட்டும். புகையைப்பற்றி அஞ்சுவோர் அதன் அளவை எவ்வளவு கடுமையாக வைப்பினும் யாம் மறுக்கமாட்டோம். சான்றும் விலைக்கு வந்துவிடும் என்று ஓர் ஆசிரியர் எம்மிடம் கூறினார். அவ்வச்சம் ஓட்டுநர் உரிமத்துக்கும் உண்டு. அதற்காக உரிமம் வழங்குவதை நிறுத்தியவரில்லை. சோதனையே இல்லாதபோது நடப்பதென்ன? அடித்துச்செய்த பிஸ்டனுக்கும் முதலில் பிரேக்குக்கும் செலவிடும் மேஸ்திரியும், பிரேக்கைத் தொடாது டர்போவை மட்டும் ஒட்டிவிடும் மற்றொருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்தினர். கவனமாகச் செய்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே மலிவாகச் செய்பவனே பெருகுவான்.

யாம் இரண்டாம் முறை சென்றது சென்ற மாதம். அந்தப் பெட்டி தேறிவிட்டது. ஜப்பானிய வண்டியொன்றிலிருந்து கழற்றிய பிசுபிசுப்பிணைப்பும் வந்து, சணல் சாக்கில் சுற்றப்பட்டு மேசைமேல் இருந்தது. பின்னச்சு, இருபுறமும் அறுத்துச் சுருக்கப்பெறுதற்காக லேத்தில் ஏறியிருந்தது. தொழில் பழகும் பையன் ஒவ்வொரு அளவையும் உரக்கச் சொல்ல, மேஸ்திரி சுண்ணாம்புக்கட்டியால் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். வண்டி முடிந்ததும் அதனை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுசெல்வதென்றும், சாலையில் ஓட்டுவதில்லையென்றும் நண்பரின் தமையனார் உறுதியாக இருக்கிறார்.

விடைபெற்றபோது மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வாயில்வரை வந்தார். “இதற்குப் பேப்பர் வாங்க ஒரு வழியும் இல்லையா, தம்பி? உங்கள் காலேஜில் சட்டம் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்களே, கேட்டுச் சொல்லுங்கள்” என்றார். அதனை எம் சட்ட நண்பரிடம் அப்படியே கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, வரும் சனிக்கிழமை எம்மோடு வருவதாக இசைந்தார். பொருளாதார நண்பர் இன்னும் இசையவில்லை.